கிணற்று நீச்சலும் லட்சத்தீவு டைவிங்கும்

கேள்வி: திருப்பூர் அருகே பின்னலாடைத் தொழில் செய்கிறேன். மனைவி, பதினொரு வயது மகளுடன் லட்சத்தீவு சென்று ஸ்கூபா டைவிங் (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி ஆழத்தில் முங்குவது) செய்ய ஆசை. ஒரு டிராவல்ஸில் நான்கு இரவு, ஐந்து பகலுக்கு மூவருக்குமாக 1,65,000 ரூபாய் கேட்கிறார்கள். ஜூன் முதல் வாரம் என்றால் 40,000 குறைப்பார்களாம். ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்குக் கடைசி டைவ், பதினொரு மணிக்கு அகத்தித் தீவிலிருந்து கொச்சிக்கு விமானம். டி.சி.எஸ். என்று தனியாக ஒரு தொகையும் போட்டிருக்கிறார்கள். பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும், திரும்பக் கிடைக்காது. சிறு வயதிலிருந்தே தோட்டத்துக் கிணற்றில் குதித்து வளர்ந்தவன், தண்ணீர்ப் பயம் இல்லை. பஞ்சுத் தூசியால் எப்போதாவது இளைப்பு வரும், அவ்வளவுதான். முன்பணம் கட்டலாமா?

பதில்: இந்த அட்டவணையைக் கொடுத்தவரிடம் கட்ட வேண்டாம். விலை பிரச்சினை இல்லை. ஏழு மணிக்கு டைவ், பதினொரு மணிக்கு விமானம் என்று எழுதியவருக்கு டைவிங் என்றால் என்னவென்றே தெரியவில்லை.

ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கூடுதலாகக் கரைகிறது. அது மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால், உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ ஊட்டியில் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடுவதால், கரைந்த வாயு குமிழிகளாக மாறி மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் 12 மணி நேரமாவது, பல டைவ்கள் செய்திருந்தால் 18 மணி நேரமாவது பறக்காமல் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் பின்பற்றும் வழிகாட்டுதல். உங்கள் கணக்கில், நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்குள் எல்லோரும் நீரைவிட்டு ஏறியிருக்க வேண்டும். கப்பலில் திரும்புகிறவர்களுக்கு விமானக் கவலை இல்லை. கொச்சியிலிருந்து திருப்பூர் வரும் பாலக்காட்டுக் கணவாய் வழியும் தாழ்வானதுதான். ஆனால் அந்த மணிக்கணக்கு முடியுமுன் ஊட்டி உயரத்துக்குக் காரைத் திருப்பினால் கதை அதேதான்.

அடுத்து உங்கள் கிணறு. நீச்சல் தெரிந்திருப்பது நல்லது. கிணற்றுப் பழக்கம் அப்படியே கடலுக்கு ஆகாது. முங்கும்போது மூச்சை அடக்குவதுதான் நாம் கற்ற வித்தை. ஸ்கூபாவில் ஒருபோதும் செய்யக்கூடாதது அதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைவிட இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரு மடங்காக விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். கிணற்றில் இந்த ஆபத்து இல்லை; மேலே இழுத்த மூச்சோடு போய் அதே மூச்சோடு திரும்புகிறோம்.

‘அவ்வளவுதான்’ என்று நீங்கள் கடந்துபோன இளைப்பும் இந்த வரிசையில் வருகிறது. மூச்சுக்குழாய் சுருங்கினால், நீங்கள் அடக்காமலே காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். டைவிங் மையத்தில் தரும் மருத்துவப் படிவத்தில் இதை மறைக்காதீர்கள். இங்கேயே நுரையீரல் மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுத் திறன் பரிசோதனை செய்து, டைவிங் செய்யலாமா என்று எழுத்தில் வாங்குங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், படகோரத்தில் ஸ்நார்க்கெலிங் (குழாய் வழியே மூச்சுவிட்டபடி நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பது) செய்யலாமா என்று அவரிடமே கேளுங்கள். பவளப்பாறையின் அழகில் பெரும்பகுதி ஆழம் குறைந்த இடத்திலேயே இருக்கிறது. மகளுக்கு வயது தடையில்லை. அறிமுக டைவுக்குப் பொதுவாகப் பத்து வயது நிரம்பினால் போதும். ஆழம் 12 மீட்டரைத் தாண்டக்கூடாது.

ஜூன் தள்ளுபடியில் ஏமாறாதீர்கள். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாளே ஜூன் 1. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று அங்கே கடலைக் கலக்கிக்கொண்டிருக்கும். அக்டோபருக்குப் பிறகு போங்கள். அப்போதும் விளம்பரப் படத்தின் வண்ணங்களை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி அங்குள்ள பவளங்கள் வெளுத்தன.

டி.சி.எஸ். என்பது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி. சுற்றுலாவில் அது வெளிநாட்டுத் தொகுப்புக்கு வசூலிப்பது. லட்சத்தீவு நம் நாடு. அந்தத் தொகையை அடிக்கச் சொல்லுங்கள்.

வேறு ஆளைப் பார்த்தாலும் உங்கள் தொழில் புத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நூல் கவுன்ட் (நூலின் பருமன்), ஜி.எஸ்.எம். (துணியின் எடை) எழுதாத ஆர்டரை வாங்குவீர்களா? ‘ஸ்கூபா உண்டு’ என்ற ஒற்றை வரியும் அப்படித்தான். எத்தனை டைவ், நீருக்கடியில் எத்தனை நிமிடம், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், அவருடைய சான்றிதழ் எந்த அமைப்பினுடையது, உபகரண வாடகை சேர்ந்ததா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி கட்டாயம். அது கிடைக்காவிட்டாலும், கடல் சரியில்லாமல் டைவ் நடக்காவிட்டாலும் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறேன். இதே போன்ற பயணத்துக்கு 30,000 ரூபாய் கட்டினேன். ஏற்பாட்டாளரே ரத்து செய்துவிட்டு, ‘அடுத்த ஆண்டு வாருங்கள்’ என்று இழுத்தடிக்கிறார். அவர் அலுவலகம் கொச்சியில். அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஈரோடு மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். முதலில் பதினைந்து நாள் கெடு வைத்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதியுங்கள். சிலர் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் தந்துவிடுகிறார்கள். ரத்து செய்தது அவர்தான் என்பதைக் காட்டும் வாட்ஸ்அப் செய்தியை மட்டும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள்.