தென்னாப்பிரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மெட்டல் டிடெக்டரைக் கட்டாயமாக்க வேண்டுமா?

கேட்டவர் சென்னையிலிருந்து டர்பனுக்குக் குடும்பத்தோடு வரப்போகிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு. இங்கே மெட்டல் டிடெக்டர் எல்லாப் பள்ளியிலும் கட்டாயமாக வேண்டாமா, அது இருக்கிற பள்ளியாகப் பார்த்துச் சேர்க்கட்டுமா என்கிறார்.

கட்டாயம் வேண்டாம் என்பேன். கேட்கிற பள்ளிக்குக் கையில் பிடிக்கிற கருவியைக் கொடுக்கட்டும், அது போதும். டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழ்கிற சாட்ஸ்வர்த்தில் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பாக இருந்தவன் நான். இந்தப் பேச்சு அங்கே வராத கூட்டம் குறைவு. (உறுப்பினர்களில் பாதிப் பேர் பிள்ளை, கோவிந்தர், நாயுடு. தமிழில் பேச ஆள் கிடைக்கும் என்று போனேன். வணக்கத்தோடு சரி.)

அமெரிக்காவில் இந்த விவாதம் துப்பாக்கியை வைத்து நடக்கிறது. இங்கே பையில் அகப்படுவது பெரும்பாலும் கத்தி. ஒகாபி என்று ஒரு மடக்குக் கத்தி உண்டு. மரப்பிடி, அதில் பிறையும் நட்சத்திரமும் பதித்திருக்கும், விரிக்கும்போது கடகடவென்று சத்தம் வரும். மடக்கினால் காலுறைக்குள் போய்விடும்.

அதை டிடெக்டர் பிடிக்கும்தான். ஆனால் மற்றதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும். கருவியில் இருக்கிற கம்பிச் சுருள் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, பக்கத்தில் உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுகிறது, அதை உணர்ந்து கருவி கத்துகிறது. உலோகம் என்பது தெரியும், கத்தியா சாவியா என்பது தெரியாது. காலையில் அம்மா அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்த ரொட்டி ரோலுக்கும் கத்தும், கணக்குப் பாடத்துக்குப் பள்ளியே வாங்கிவரச் சொன்ன காம்பஸுக்கும் கத்தும். அந்தக் காம்பஸ் முனையால் குத்த முடியாதா என்ன?

அப்புறம் நேரம். ஆயிரம் பிள்ளைகள், ஆளுக்கு 10 வினாடி, சோதிக்க இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 83 நிமிடம் ஆகிறது. முதல் மணி அடிக்கும்போது பாதிப் பிள்ளைகள் மதிலுக்கு வெளியே ரோட்டில் வரிசையில் நிற்பார்கள். கருவியை ஒருமுறை வாங்கிவிடலாம், அதைப் பிடிக்கிற ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் யார் தருவது? கட்டணமே வாங்காத அரசுப் பள்ளிகள் இந்த நாட்டில் ஏராளம்.

சோதனை போடச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 1996-ம் ஆண்டின் பள்ளிகள் சட்டத்தில் 2007-ல் 8ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நியாயமான சந்தேகம் இருந்தால் தலைமை ஆசிரியரோ அவர் நியமித்தவரோ மாணவர்களைக் குழுவாகச் சோதிக்கலாம். உடலைச் சோதிப்பவர் அதே பாலினத்தவராக இருக்க வேண்டும், மறைவான இடத்தில் நடக்க வேண்டும், அதே பாலினத்தில் இன்னொரு பெரியவர் சாட்சியாகக் கூட இருக்க வேண்டும். கிடைத்த பொருளுக்குச் சீட்டு ஒட்டி, பதிவேட்டில் எழுதி, போலீசில் ஒப்படைக்க வேண்டும். அந்த மாணவன் மேல் பள்ளியே கிரிமினல் வழக்குப் போட முடியாது, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். யோசித்து எழுதிய சட்டம் என்றே சொல்வேன். தினமும் ஒவ்வொரு பிள்ளையையும் சந்தேகப்படச் சொல்லி அதில் இல்லை.

கருவி இருந்தால் உதவியிருக்கும் என்று சொல்லத்தக்க சம்பவமும் உண்டு. 2008 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் க்ரூகர்ஸ்டார்ப்பில் ஒரு மாணவன் சாமுராய் வாளோடு பள்ளிக்குள் வந்து இன்னொரு மாணவனைக் கொன்றான், மூன்று பேர் காயப்பட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2005-ல் அமெரிக்காவின் ரெட் லேக் பள்ளியில் வாசலிலேயே டிடெக்டர் இருந்தது. அதன் பக்கத்தில் ஆயுதமில்லாமல் நின்ற காவலாளியைச் சுட்டுவிட்டுத்தான் அந்தப் பையன் உள்ளே போனான்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 2019 ஜூனில் ஜோகன்னஸ்பர்க் டர்ஃபன்டெய்னில் நடந்தது. ஒரு மாணவன் குத்துப்பட்டு இறந்தான். நடந்தது பள்ளி கேட்டுக்கு வெளியே. உள்ளே எத்தனை கருவி இருந்தும் அங்கே என்ன செய்யும்? எங்கள் பள்ளியில் கத்தியோடு பிடிபட்ட ஒரு பையனிடம் ஏன்டா இது என்று கேட்டோம். "டாக்சி நிற்கிற இடம் வரைக்கும் நடக்கணுமே, அங்கிள்" என்றான். (இங்கே டாக்சி என்றால் பலர் சேர்ந்து போகிற மினிபஸ்.) வழியில் போனைப் பிடுங்குகிறார்கள், எதிர்த்தால் அடி. கருவி வரப்போகிறது என்று தெரிந்தால் இவன் கத்தியை விடமாட்டான், மதிலுக்கு அந்தப் பக்கம் புதரில் செருகிவிட்டு வருவான், சாயங்காலம் எடுத்துக்கொள்வான். இருக்கிற பணத்தில் ஓட்டை விழுந்த வேலியை அடைத்து, பள்ளி விடுகிற நேரத்தில் டாக்சி நிற்கிற இடம் வரை இரண்டு ஆள் நிறுத்துங்கள் என்றுதான் குழுவில் சொன்னேன். பாதி நடந்தது, வேலி மட்டும்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அட்மிஷனுக்குப் போகும்போது காலையில் ஆபீசைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பள்ளி விடுகிற நேரத்தில், இரண்டரை மணி வாக்கில், இன்னொரு தரம் போய் வெளியே நின்று பாருங்கள். ஆசிரியர் யாராவது கேட்டில் நிற்கிறாரா, வேன்கள் உள்ளே வந்து ஏற்றுகின்றனவா ரோட்டில் நிறுத்தி ஏற்றுகின்றனவா, கடைசிப் பிள்ளை போகும்வரை காவலாளி இருக்கிறாரா என்று கவனியுங்கள். உள்ளே வந்து ஏற்றுகிற வேன் கிடைத்தால் மாதம் கொஞ்சம் கூடக் கேட்டாலும் அதையே பேசி முடியுங்கள்.