முதலில் சிக்னல், அப்புறம்தான் போன்

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் கடையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். டிசைன் படங்களை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள், கூலியும் ஜிபேயில்தான் வரும். ஐந்து வருடமாக வைத்திருக்கும் போன் இப்போது அடிக்கடி நின்றுபோகிறது, இடமில்லை என்று காட்டுகிறது. 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் 22,000 ரூபாய் போனைக் காட்டி, தவணையில் எடுங்கள், வட்டியே கிடையாது என்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் மகன், தன்னுடைய பழைய போனைத் தருகிறேன் என்கிறான். தினம் 2 ஜிபி டேட்டா தரும் திட்டத்தில் 28 நாளுக்கு ஒருமுறை 349 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தும், வீட்டுக்குள் குரல் விட்டு விட்டுத்தான் கேட்கிறது. வாசலுக்கு வந்துதான் பேச வேண்டும். பிஎஸ்என்எல்லுக்கு மாறலாமா? மாமியாரின் பட்டன் போனுக்கும் தனியாக ரீசார்ஜ் செலவு இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி,

போனைப் பற்றிப் பேசுமுன் உங்கள் ரீசார்ஜ் கணக்கைப் பார்ப்போம். 28 நாளுக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை. அதாவது 4,537 ரூபாய். ஒரு போனை நாலு வருடம் வைத்திருப்பீர்கள் என்றால், அதற்குள் ரீசார்ஜுக்கு மட்டும் 18,148 ரூபாய் போயிருக்கும். நீங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த 15,000 ரூபாயைவிட இது அதிகம். அவ்வளவு பணம் கொடுத்தும் வாசலில் நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது என்றால், முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். எந்த நிறுவனத்தின் சிம் என்பதை முடிவு செய்யுங்கள், அடுத்து எந்தத் திட்டம், கடைசியில் போன். கடையில் இதைத் தலைகீழாகத்தான் செய்ய வைப்பார்கள்.

குரல் விட்டு விட்டுக் கேட்பதற்குக் காரணம் சிம்மா, பழைய போனா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றிவிடாதீர்கள். இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. உங்கள் சிம்மைக் கழற்றி, பக்கத்து வீட்டில் யாரிடமாவது இருக்கும் ஓரளவு புதிய போனில் போட்டு, நீங்கள் வழக்கமாக உட்கார்ந்து தைக்கும் இடத்திலிருந்தே பேசிப் பாருங்கள். தெளிவாகக் கேட்டால் கோளாறு உங்கள் போனில். சிம்மை மாற்றவே வேண்டாம். அதிலும் விட்டு விட்டுக் கேட்டால், உங்கள் வீட்டுக்குள் அந்த நிறுவனத்தின் சிக்னல் போதவில்லை என்று அர்த்தம். அப்போது இதையே திருப்பிச் செய்யுங்கள். வேறு வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவர்களை வீட்டுக்கு அழைத்து, அடுப்படியிலிருந்தும் மெஷின் பக்கத்திலிருந்தும் ஒரு அழைப்பு போடச் சொல்லுங்கள். பகலில் ஒரு தடவை, எல்லோரும் வீடியோ பார்க்கும் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு ஒரு தடவை. இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

எந்தப் பகுதியில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் விதி கொண்டுவந்தது. மகனிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அது ஊரைத்தான் காட்டும், சுவருக்கு உள்ளே என்ன நிலைமை என்று காட்டாது. குறைந்த அலைவரிசை சுவரைத் தாண்டி உள்ளே வரும், தூரமும் போகும். அலைவரிசை கூடக் கூட வேகம் கிடைக்கும், ஆனால் சுவரில் தடுமாறும். 5ஜிக்கு இங்கே அதிகம் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் இரண்டாவது வகை. தெருவில் 5ஜி என்று காட்டுவது வீட்டுக்குள் காணாமல் போவதற்கு இதுதான் காரணம். அந்த மாதிரி இடங்களில் போனின் அமைப்பில் போய் 4ஜி என்று மாற்றி வைத்துவிட்டால், பேச்சும் சீராகும், சார்ஜும் அதிக நேரம் நிற்கும்.

பிஎஸ்என்எல்லுக்கு வருகிறேன். உள்நாட்டிலேயே உருவாக்கிய தொழில்நுட்பத்தில், 97,500க்கும் மேற்பட்ட டவர்களோடு அவர்களுடைய 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்கத் தொடங்கி வைக்கப்பட்டது. விலையும் தனியாரைவிடக் குறைவு. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தியபோது நிறையப் பேர் அங்கே மாறியது அதனால்தான். உங்களுக்கு முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் ஊருக்கு சிக்னல் தரும் டவர் 4ஜிக்கு மாறிவிட்டதா? மாறியிருந்தால் தாராளமாகப் போங்கள். அவர்களுடைய 4ஜி, சுவரைத் தாண்டும் 700 மெகாஹெர்ட்ஸிலும் வருகிறது. மாறவில்லை என்றால் பேசலாம், ஆனால் டிசைன் படம் வந்து சேர்வதற்குள் வாடிக்கையாளர் வேறு தையல்காரரைத் தேடிப் போயிருப்பார். ஊரில் ஏற்கெனவே பிஎஸ்என்எல் வைத்திருப்பவர் போனில் மேலே 4ஜி என்று காட்டுகிறதா என்று பார்த்தாலே போதும். அவர் பழைய 3ஜி சிம் வைத்திருந்தால் காட்டாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சோதனை எதற்கு என்று தோன்றலாம். ஒரு நிறுவனத்துக்கு மாறிவிட்டால் 90 நாள் அங்கேதான் இருக்க வேண்டும், அதற்கு முன் வெளியேற முடியாது. மூன்று மாதம் தொழில் கெடுவது உங்களுக்குத் தாங்காது. சந்தேகம் இருந்தால், இரண்டு சிம் போடும் வசதியுள்ள போனில் புது நிறுவனத்தின் சிம் ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டு, ஒரு 28 நாள் ஓட்டிப் பாருங்கள். பழைய எண் பத்திரமாக இருக்கும்.

மாறுவதென்று முடிவு செய்தால் எண்ணை மாற்றாமல் போர்ட் செய்யுங்கள். வாடிக்கையாளர், வங்கி, ஆதார், கேஸ் என்று எல்லாம் அந்த எண்ணில் இருக்கிறது. ஆங்கிலத்தில் PORT என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்துகள் கொண்ட குறியீடு ஒன்று வரும். அது நாலு நாளுக்குத்தான் செல்லும். அதற்குள் ஆதாரோடு புது நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். பழைய சிம்மில் மிச்சமிருக்கும் பணமும் நாளும் போய்விடும், அதனால் ரீசார்ஜ் முடியப்போகும் வாரத்தில் தொடங்குங்கள். முடிந்தே போயிருந்தாலும் 1900க்கு எஸ்எம்எஸ் போகத் தடை இருக்கக் கூடாது என்பது டிராயின் உத்தரவு. ஒரு விஷயம்: சிம் மாறியதும் ஜிபே திரும்ப எண்ணைச் சரிபார்க்கும். துணி எடுக்கவோ நூல் வாங்கவோ கடைவீதிக்குப் போகும் நாளில் போர்ட் வைத்துக்கொள்ளாதீர்கள்.

திட்டத்தைப் பற்றி. தினம் 2 ஜிபி என்பதை நீங்கள் கேட்டு வாங்கினீர்களா, கடையில் போட்டுவிட்டார்களா? ஜியோவும் ஏர்டெல்லும் அளவில்லாத 5ஜியைத் பெரும்பாலும் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களோடு சேர்த்துத்தான் தருகிறார்கள். 5ஜியே எட்டாத வீட்டில் உட்கார்ந்து அதற்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம் நீங்கள். போனின் அமைப்பில் டேட்டா பயன்பாடு என்ற இடத்தில் போன மாதம் எவ்வளவு செலவானது என்று இருக்கும். அதை 30ஆல் வகுத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் டிசைன் படம் பார்ப்பது, மகனோடு வீடியோ கால், அவ்வப்போது யூடியூபில் ஒரு கழுத்து டிசைன் என்றால், பெரும்பாலும் ஒரு ஜிபிக்கு உள்ளேதான் வரும். அப்படியானால் தினம் 1.5 ஜிபி தரும் 84 நாள் திட்டத்தைக் கேளுங்கள். பணம் ஒரேயடியாகப் போகிறதே என்று தயங்காமல், நாளுக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பார்த்து ஒப்பிடுங்கள். ஒரு ஓடிடி இலவசம், இரண்டு ஓடிடி இலவசம் என்பதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டாம். நீங்கள் பார்க்காத சினிமாவுக்கு அது விலை.

மாமியாரின் போனுக்கு இணையமே வேண்டாம் அல்லவா? பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டத்தை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி போட்டது. 2025 ஜனவரியிலிருந்து அவை கிடைக்கின்றன. 84 நாளுக்கும் உண்டு, கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்கும் உண்டு. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார். டேட்டா இல்லாத திட்டம் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். வயதானவருக்கு வருடத்துக்கு ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடுவது பெரிய நிம்மதி. ஆனால் அவருடைய சிம்மை ஜியோவுக்கு மாற்றிவிடாதீர்கள். அங்கே 2ஜி கிடையாது, சாதாரண பட்டன் போன் வேலை செய்யாது.

இனி போன். அந்த 22,000 ரூபாய் போன் உங்களுக்கு வேண்டாம். வட்டி இல்லாத தவணை என்று ஒன்று உண்மையில் இல்லை என்பதை ரிசர்வ் வங்கியே 2013இல் சொல்லிவிட்டது. ரொக்கமாக வாங்கினால் கிடைக்கக்கூடிய தள்ளுபடி போய்விடும், செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று சேரும், வட்டி அங்கே ஒளிந்திருக்கும். கையில் 15,000 ரொக்கம் வைத்துக்கொண்டு கடன்காரராக வேண்டிய அவசியம் என்ன? கடையில் மூன்று விலை கேட்டு, பேரம் பேசி வாங்குங்கள்.

உங்கள் வேலைக்கு 6 ஜிபி ரேம் (ஆப்கள் ஓடுவதற்கான நினைவகம்), 128 ஜிபி ஸ்டோரேஜ் (படங்களைச் சேமிக்கும் இடம்) வேண்டும். 4 ஜிபி ரேம் இன்று ஓடும், இரண்டு வருடம் கழித்து இப்போது படும் பாட்டைத் திரும்பப் படுவீர்கள். பெட்டியில் 16 ஜிபி என்று போட்டு, பக்கத்தில் 8+8 என்று சின்ன எழுத்தில் இருந்தால், அதில் பாதி ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. அசல் ரேம் 8தான். கேமராவில் மெகாபிக்சல் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். கடையில் டெமோ போனை வாங்கி, உங்கள் புடவை முந்தானையைப் படம் எடுத்து, ஜரிகையும் நிறமும் கண்ணுக்குத் தெரிவதுபோல் விழுகிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளருக்கு நீங்கள் அனுப்பப்போவது அதைத்தானே.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பாதுகாப்பு அப்டேட். உங்கள் கூலியும் சேமிப்பும் இந்த ஒரு போன் வழியாகப் போய் வருகின்றன. அப்டேட் நின்றுபோன போனில் பணத்தைப் புழங்கவிடுவது பூட்டு பழுதான பீரோவில் நகை வைப்பது மாதிரி. விலை குறைந்த போன்கள் சிலவற்றில் இரண்டு, மூன்று வருடத்தில் இது நின்றுவிடும். ஆனால் நடுத்தர விலையிலும் நல்ல உறுதி தருபவர்கள் இருக்கிறார்கள். சாம்சங்கின் கேலக்ஸி ஏ16 5ஜி 2024இல் வந்தபோது ஆறு வருட அப்டேட் என்று சொல்லித்தான் விற்றார்கள். எந்த நிறுவனம் என்றாலும், எத்தனை வருடம் என்று கேட்டு, வாங்கும் நாளிலிருந்து இல்லை, அந்த மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணுங்கள். இரண்டு வருடம் முன்பு வந்த மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் அந்த இரண்டு வருடம் ஏற்கெனவே கழிந்துவிட்டது.

5ஜி போனா, 4ஜி போனா? நாலைந்து வருடம் வைத்திருக்கப் போவதால் 5ஜியே வாங்கலாம். ஆனால் ரொம்ப மலிவான சில 5ஜி போன்கள் எஸ்ஏ என்ற, 4ஜியைச் சாராமல் தனித்து இயங்கும் ஒரு வகை 5ஜியில் மட்டும் வேலை செய்யும். ஜியோ அந்த வகை. ஏர்டெல்லின் 5ஜி பெரும்பாலும் 4ஜியைச் சார்ந்து இயங்கும் என்எஸ்ஏ வகை. எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் சென்டர் தென்காசியில் இருக்கிறதா, இல்லை திருநெல்வேலிக்குப் போக வேண்டுமா என்றும் கேளுங்கள். பெட்டிக்குள் சார்ஜர் உண்டா என்பதையும் பாருங்கள். இப்போது பல நிறுவனங்கள் அதை வைப்பதில்லை.

மகன் தருகிறேன் என்ற போனை மறுத்துவிடாதீர்கள். அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அதற்கு இன்னும் எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும், பேட்டரி ஒரு நாள் நிற்கிறதா? அப்டேட் இரண்டு வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மட்டும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் 15,000 அப்படியே கையில் இருக்கும். என்னைக் கேட்டால் அதில் ஒரு ஓவர்லாக் மெஷினுக்கு முன்பணம் கொடுப்பேன். அப்டேட் நின்றுபோன போன் என்றால் பிள்ளையின் பாசத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு புதிது வாங்குங்கள்.

எந்தப் போனுக்கு மாறினாலும், பழையதில் இருக்கும் அளவுக் குறிப்புகளும் டிசைன் படங்களும் போகாமல் இருக்க வாட்ஸ்அப்பில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள்தான் அதுவும் அடங்க வேண்டும், அதனால் முதலில் காலை வணக்க வீடியோக்களை அழித்துவிடுங்கள். புதுப் போனில் எல்லாம் வந்துவிட்டது, ஜிபேயும் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகுதான் பழையதை முழுவதும் அழித்து யாருக்காவது கொடுக்க வேண்டும்.

புதிது வாங்கினால் பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். *#06# என்று போனில் அடித்தால் வரும், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். என்றைக்காவது போன் தொலைந்தால், போலீஸ் புகாரோடு அந்த எண்ணைக் கொடுத்துத்தான் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்க முடியும். பில்லை ஒரு படம் எடுத்து மகனுக்கும் அனுப்பி வையுங்கள்.