பழைய பாட்டு, புதுச் சந்தேகம்: வாசகர் கேள்வி – பதில்

தாத்தா விட்டுப்போன கிராமபோன் தட்டுகள் நாற்பது இருக்கின்றன. பரணில் கிடந்ததால் ஒரே தூசி. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா? இப்போது கடையில் விற்கும் பெட்டி மாதிரி பிளேயரில் போட்டால் ஓடுமா?
– உசிலம்பட்டி வாசகர்

முதலில் அந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து அப்பால் வையுங்கள். நீங்கள் வைத்திருப்பது அரக்குத் தட்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்; ஒரே துடைப்பில் பாட்டும் சேர்ந்து போய்விடும். ஸ்பிரிட் கலந்த கண்ணாடி கிளீனரும் சானிடைசரும் அதே வேலையைத்தான் செய்யும்.

காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் மேல் தூசியைத் தட்டுங்கள். பிறகு ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் (பேட்டரிக்கு ஊற்றுகிற அதே தண்ணீர்) பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு விட்டு, பஞ்சுத் துணியை நனைத்துப் பிழிந்து, கோடு ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு கோட்டுக்குள் இறங்கும். நடுவிலுள்ள லேபிளில் ஈரம் படக்கூடாது. வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி, நிழலில் நிறுத்திக் காய வையுங்கள். தண்ணீரில் ஊறப் போடவே கூடாது. சில கம்பெனித் தட்டுகளுக்கு உள்ளே காகித அடுக்கு உண்டு. அது ஊறினால் மேல்பூச்சு பெயரும்.

பரணுக்குத் திரும்ப ஏற்றாதீர்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் அடியில் அரக்கு இளகி, தட்டு வளைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், அலமாரியில் புத்தகம் மாதிரி நேராக நிறுத்துங்கள். 10 அங்குலம் தனி, 12 அங்குலம் தனி. ஒரு தட்டு கால் கிலோவுக்குப் பக்கமாக இருக்கும் என்பதால் பலகை கெட்டியாக இருக்க வேண்டும்.

பிளேயர் விஷயத்துக்கு வருவோம். மூன்றைப் பாருங்கள். ஒன்று, உங்கள் தட்டுக்குரிய 78 வேகம் (நிமிடத்துக்கு 78 சுற்று) இருக்கிறதா. இரண்டு, முள். பிற்காலத்தில் வந்த வினைல் தட்டான எல்.பி.யின் முள் முனை 18 முதல் 25 மைக்ரான். உங்கள் தட்டுக்கு வேண்டியது 75 மைக்ரான் அளவு. எல்.பி. முள்ளைப் போட்டால் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே தேங்கிய குப்பையைத்தான் பாடும். "தட்டு தேய்ந்துவிட்டது" என்று தூக்கிப்போட்ட பல தட்டுகளில் குற்றம் தட்டிலில்லை, முள்ளில்தான். 78 முள் தனியாகக் கிடைக்கும் பிளேயரா என்று வாங்கும் முன் கேளுங்கள். மூன்று, முள்ளின் எடை: எல்.பி.க்கு ஒன்றரை முதல் இரண்டரை கிராம், இதற்கு 3 முதல் 5 கிராம்.

78 வேகமே இல்லாத நல்ல பிளேயர் வீட்டில் இருந்தால், சரியான முள்ளை மாட்டி 45-இல் ஓட்டிப் பதிவு செய்து, கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை 45-இலிருந்து 78-க்கு மாற்றலாம். அந்தக் கணக்கு அதிலேயே இருக்கிறது. சாவி கொடுக்கும் பழைய பெட்டியில் கேட்பதானால் ஒரு பக்கத்துக்கு ஒரு புது இரும்பு முள். அதில் முள்மேல் விழும் எடை 100 கிராமுக்கு மேல், தப்பித்தவறிக்கூட எல்.பி.யை அதில் வைத்துவிடாதீர்கள்.

டி.ஆர்.மகாலிங்கம் எங்கள் ஊர்க்காரர்தானே? டி.எம்.எஸ்.ஸும் மதுரை என்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே படத்தில் பாடியிருக்கிறார்களா?
– சோழவந்தான் வாசகர்

உங்கள் ஊரை ஒட்டிய தென்கரைதான் மகாலிங்கத்துக்கு. டி.எம்.சௌந்தரராஜன் 1922-இல் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். இருவரையும் சேர்த்துக் கேட்க 1965-இல் வந்த 'திருவிளையாடல்' போதும். கே.வி.மகாதேவன் இசை. பாண்டியன் சபையில் சவால் விடும் ஹேமநாத பாகவதருக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணா. பாணபத்திரராக நடித்துப் பாடியவர் மகாலிங்கமே. விறகு விற்க வந்த இறைவனுக்குப் பாடியவர் டி.எம்.எஸ். ஹேமநாதருக்கு எதிராக எழுந்த இரண்டு குரல்களும் மதுரைச் சீமைக் குரல்கள்தான் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருக்கலாம், தப்பில்லை.

அப்பா 1980களில் பதிந்து வைத்த கேசட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சிலவற்றில் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. காப்பாற்ற வழியுண்டா?
– மேலூர் வாசகி

உண்டு. ஆனால் அந்த வெள்ளை பூஞ்சை. அதோடு அப்படியே டேப் ரிக்கார்டரில் போடாதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போகும்.

பூத்ததை எல்லாம் தனியாகப் பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். காய்ந்த பூஞ்சை எளிதாக உதிரும். பிறகு மூக்கு வாயைக் கட்டிக்கொண்டு, மொட்டை மாடியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, பல்லில் பென்சிலை நுழைத்து டேப்பைச் சுற்றிக்கொண்டே, தூசி விடாத காய்ந்த துணியை லேசாகத் தொட்டுப் பிடியுங்கள். அழுத்தினால் டேப் நீளும். சி-60 (60 நிமிடக் கேசட்) கொஞ்சம் தாங்கும். சி-90 அதைவிட மெல்லிசு. சி-120 கேசட் வெறும் 9 மைக்ரான் கனம், தொட்டால் சுருளும். அதைப் பழக்கப்பட்ட கையில் கொடுப்பதே நல்லது.

சத்தம் மங்கலாக வருவதற்குக் காரணம் மூன்று. கேசட்டின் வாயில், டேப்புக்குப் பின்னால், செம்புத் தகட்டில் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். டேப்பை ஹெட்டோடு அழுத்துவது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் சத்தம் வந்து வந்து போகும். உதவாத கேசட் ஒன்றின் ஐந்து ஸ்குரூவைக் கழற்றி அதிலிருந்து எடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஸ்குரூ இல்லாமல் ஒட்டிய கேசட் என்றால், விளிம்பைக் கத்தியால் நெம்பித் திறந்து, டேப்பை ஸ்குரூ போட்ட கூட்டுக்கு மாற்றுங்கள். இரண்டாவது, ஹெட் அழுக்கு: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் பழுப்பாக வரும், வெள்ளையாக வரும்வரை துடைக்கலாம். (இங்கே ஆல்கஹால் சரி, மேலே உசிலம்பட்டிக்காரருக்குத்தான் ஆகாது.) மூன்றாவது, ஹெட்டின் சாய்வு. அப்பாவின் மிஷினில் ஹெட் எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே பதிவாகியிருக்கும். ஹெட்டின் ஓரத்திலுள்ள சின்ன ஸ்குரூவைப் பாட்டு ஓடும்போதே கால் திருப்புக்கு மேல் போகாமல் இப்படியும் அப்படியும் திருப்பி, 'ச', 'ஸ' ஓசைகள் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் இது மாறும்.

அறுந்த இடத்தில் செல்லோடேப் வேண்டாம். அதன் பசை வெயிலுக்கு இளகி அடுத்த சுற்றோடு ஒட்டும். டேப் ஒட்டுவதற்கென்றே உள்ள பட்டையைத் தேடி வாங்குங்கள். கேசட்டின் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் காதையும் முதலிலேயே உடைத்துவிடுங்கள். கை தவறி ரிக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது.

கணினிக்கு மாற்றும்போது லேப்டாப்பின் மைக் துளையில் சொருகினால் சத்தம் கரகரக்கும். லைன்-இன் உள்ள யூஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்து, வேவ் கோப்பாக 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதியுங்கள். நிமிடத்துக்கு 10 எம்பி. ஒரு சி-60 முழுதும் 600 எம்பி. அந்த மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மட்டும் எம்பி3 எடுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியைக் கண்டு ஆசைப்பட வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் பாடகர் கிணற்றுக்குள் மூழ்கிப் பாடுவது போலாகிவிடும். கொஞ்சம் இரைச்சலோடு முழுக்குரல் கேட்பதே மேல்.

அதே பாட்டு, ரேடியோவில் கேட்டபோது ஒரு சுருதி; இணையத்தில் கேட்டால் கொஞ்சம் ஏறியிருக்கிறது. காது கெட்டுவிட்டதா?
– திருமங்கலம் வாசகர்

காது நன்றாகவே இருக்கிறது. சினிமாப் பிலிம் விநாடிக்கு 24 படம். நம் தொலைக்காட்சி முறை 25. படத்தை டிவிக்கும் விசிடிக்கும் மாற்றியபோது பல இடங்களில் அப்படியே வேகமாக ஓட்டிவிட்டார்கள். நாலு சதவீதம் வேகம் கூடினால் 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 50 விநாடியில் முடியும். அரைக்கட்டை ஏறக் கிட்டத்தட்ட 6 சதவீதம் வேண்டும் என்பதால், இது ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைக்கும் நடுவே போய் நிற்கும். சோதிக்க அதுவே வழி: சுருதி எந்தக் கட்டையிலும் சேராமல் இடையில் தொங்கினால் வேகத்தைச் சந்தேகியுங்கள். ஆடாசிட்டியில் வேகத்தை மைனஸ் 4 சதவீதம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேட்பது விசிடியிலிருந்து எடுத்ததா, இசைத்தட்டிலிருந்து எடுத்ததா என்று தெரிந்துகொண்டு திருத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் குறைத்தால் சரியாக இருப்பதும் கெடும்.

பாகவதரா, சின்னப்பாவா?
– ஆரப்பாளையம் வாசகர்

இந்தச் சண்டையை மூட்டிவிட்டு நீங்கள் ஜிகர்தண்டா குடிக்கப் போய்விடுவீர்கள். பாட்டுக்கு மட்டும் என்றால் எம்.கே.தியாகராஜ பாகவதர். 1940-இல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்டு, பாடவும் செய்து, வாளும் சுழற்ற வேண்டுமென்றால் பி.யு.சின்னப்பா.

அம்மா பாடும் பாட்டில் ஒரு சரணம் அதிகமாக இருக்கிறது. இசைத்தட்டில் அது இல்லை. அம்மா சொந்தமாகச் சேர்த்துக்கொண்டாரா?
– செல்லூர் வாசகி

அம்மாவைச் சந்தேகிக்காதீர்கள். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். நடிகர்களே கேமரா முன் பாடிய காலத்தில், தட்டுக்கென்று தனியாக இன்னொரு முறை பாடுவார்கள். நீளம் போதாமல் சரணம் போகும். இல்லாவிட்டால் பாட்டை இரண்டு பக்கமாக உடைப்பார்கள். பின்னணி பாடும் வழக்கம் வந்த பிறகும் படத்துக்கு ஒரு நீளம், தட்டுக்கு ஒரு நீளம் என்று பல பாட்டுகள் உண்டு. படத்தைப் பாருங்கள். கிடைக்காவிட்டால், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கதையை முடிக்கும் அந்தக் காலப் பாட்டுப் புத்தகத்தைத் தேடுங்கள். சரணம் முழுசாக அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

தாத்தாவின் எண்பதாம் கல்யாணத்துக்கு அவர் காலத்துப் பாட்டாகப் போட வேண்டும். பாகவதரில் ஆரம்பித்து எத்தனை பாட்டு எடுக்க?
– தல்லாகுளம் வாசகர்

பாகவதர் உங்கள் தாத்தாவின் அப்பா காலம். எல்லாரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இன்று எண்பதைத் தொடுபவர் 1940களின் நடுவில் பிறந்தவர். மனசில் ஒட்டியிருப்பது பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தைந்து வரை கேட்டது. ஆக 1957 முதல் 1970 வரை எடுங்கள். ஏ.எம்.ராஜா பாடி, இசையும் அமைத்த 'கல்யாணப் பரிசு' (1959), எல்.ஆர்.ஈஸ்வரியை ஊரறியச் செய்த 'வாராய் என் தோழி' ('பாசமலர்', 1961), பிறகு பி.பி.ஸ்ரீநிவாஸ், சுசீலா, டி.எம்.எஸ். பாகவதர் ஒன்றிரண்டு, மரியாதைக்கு.

பாட்டுக்கு மூன்றரை நிமிடம் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு 34 பாட்டு. வரிகளை ஒரு முறை உட்கார்ந்து கேளுங்கள். மெட்டு இனிமையாக இருக்கிறதென்று, சாவைப் பாடும் 'வீடு வரை உறவு' பட்டியலில் நுழைந்து, மாலை மாற்றும் நேரத்தில் ஒலித்தால் பந்தி முழுக்க அதே பேச்சாகிவிடும். மந்திரமும் மேளமும் நடக்கும்போது சினிமாப் பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்று மைக் செட்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பழைய பாட்டு சிலவற்றில் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டுமே சத்தம் வரும். மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்காது. எல்லாவற்றையும் மோனோவாக மாற்றிவிடுங்கள். ஒரு பாட்டு மெதுவாகவும் அடுத்தது அலறவும் செய்யாமலிருக்க, ஆடாசிட்டியில் லவுட்னஸை எல்லாப் பாட்டுக்கும் ஒரே அளவாக மைனஸ் 16 வைத்தால் போதும்.

அப்பத்தா நலுங்குப் பாட்டும் தாலாட்டும் பாடுவார். போனில் பதிந்தால் காற்று இரைச்சல்தான் கேட்கிறது.
– நத்தம் வாசகி

ஃபேனை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜையும். டைல்ஸ் போட்ட கூடத்தில் எதிரொலிக்கும். துணியும் மெத்தையும் உள்ள அறையில் உட்கார வையுங்கள். மடித்த துண்டின்மேல் போனை வைத்து, வாய்க்கு நேரே இல்லாமல் சற்று பக்கவாட்டில், ஒன்றரைச் சாண் தூரத்தில் இருக்கட்டும். போனை ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். சுருதிப்பெட்டி வேண்டாம். அவர் சுருதி அவருக்கு. நடுவில் மறந்தால் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்காமல் முந்தைய வரியைச் சொல்லுங்கள், தானாக வந்துவிடும். கூடச் சேர்ந்து பாடாதீர்கள். பாடி முடித்ததும், எந்தச் சடங்குக்குப் பாடுவது, யாரிடம் கற்றது என்று அதே பதிவில் பேச விடுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாது.

பழைய தட்டுகளை விற்கலாம் என்றிருக்கிறேன். எதற்கு மதிப்பு?
– விளாங்குடி வாசகர்

ஹிட்டான சினிமாத் தட்டுகள் அப்போதே ஏராளமாக விற்றவை; பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நாடகப் பாட்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். நாடக நடிகர், பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-இலேயே காலமானவர், சினிமாவில் நடிக்கவில்லை; அவர் குரல் இருப்பது தட்டில் மட்டும்தான். லேபிள் கிழியாமல், பழைய உறையோடு, விரிசலில்லாமல் இருந்தால் மதிப்புக் கூடும். விற்கும் முன் பதிந்துகொள்ளுங்கள். வெளியூர்க்காரர் கேட்டால் பஸ் பார்சலில் போடாதீர்கள். அரக்குத் தட்டு ஒரு குலுக்கலுக்கே உடையும். கையோடு கொடுங்கள்.