அத்தானின் டுகாட்டியும் என் யமஹாவும்

கேள்வி: எனக்கு 21 வயது. பிறந்து வளர்ந்தது இத்தாலியின் பொலோனியாவில். 35 கிலோவாட் வரையான பைக்குக்கு உரிய ஏ2 லைசென்ஸ் எடுத்த கையோடு, பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் 35 கிலோவாட் யமஹா எம்டி-07 வாங்கினேன். யூனிவர்சிட்டிக்குத் தினமும் அதில்தான் போகிறேன். அக்காவின் கணவர் 18 வயதில் தனியாக இங்கே வந்து, உணவகத்தில் பாத்திரம் கழுவி, படிப்படியாக முன்னேறியவர். போன ஆண்டு டுகாட்டி மான்ஸ்டர் 937 வாங்கினார். அன்று முதல் வீட்டில் ஒரே போட்டி. என்னுடையதை அவர் மிக்ஸி என்பார், உயிரில்லாத வண்டி என்பார். மெக்கானிக்கைப் பணக்காரனாக்கும் வண்டி என்று நான் திருப்பிச் சொல்வேன். அப்பா என் பக்கம். அவருக்கு யாழ்ப்பாணத்தில் ஓடிய ஹொண்டா எம்டி 90 தவிர வேறெதுவும் மோட்டார் சைக்கிளே இல்லை.

மார்ச்சில் ரத்திகோசா கணவாய்க்குப் போனோம். அத்தானின் இத்தாலிய நண்பர்களும் வந்திருந்தார்கள். கோப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது மான்ஸ்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. "இத்தாலிய பைக் வாங்கினால் தள்ளவும் பழக வேண்டும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி இத்தாலிய மொழியில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அக்காவும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. யார் பக்கம் நியாயம்? யமஹாவை விற்று நானும் ஒரு டுகாட்டி வாங்கிவிட்டால் பிரச்சினை தீருமா?
(பெயர் வேண்டாம், பொலோனியா)

பதில்: தம்பி, யமஹாவை விற்காதீர்கள். விற்றாலும் ஒன்றும் தீராது. அதுவும் போக, 82 கிலோவாட் மான்ஸ்டரை ஏ2 லைசென்ஸோடு நீங்கள் ரோட்டில் எடுக்கவே முடியாது. பாடுபட்டு வாங்கிய பைக், தினமும் உங்களை ஏற்றிப் போகிறது. அது இருக்கட்டும்.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் அத்தானும் மாறி மாறிச் சொன்னவை நீங்கள் பிறப்பதற்கு முன்பே தேய்ந்துபோன பேச்சு. 1969இல் ஹொண்டா சிபி750 வந்தபோது நாலு சிலிண்டர், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். ஐரோப்பியக் கம்பெனிகள் பல பதில் சொல்ல முடியாமல் திணறின. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஜப்பானின் ஹொண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி நாலும் கிட்டத்தட்ட ஒரே அச்சில் பைக்குகளை இறக்கின. டாங்கியில் இருக்கும் பெயரை மறைத்தால் எது யாருடையது என்று சொல்வது கஷ்டம். உயிரில்லை என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. ஆனால் அதே ஹொண்டா 1992இல் என்ஆர்750 என்று ஒன்றை விற்றது. அதன் பிஸ்டன் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும், ஒரு சிலிண்டருக்கு எட்டு வால்வு. லாப நட்டக் கணக்கு மட்டும் பார்க்கிறவர்கள் செய்கிற வேலையா அது? இஞ்சின் மேல் பித்துப் பிடித்தவர்கள் செய்தது.

இத்தாலிய பைக் என்றால் பழுது என்ற பேச்சுக்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 70களிலும் 80களிலும் அங்கே இஞ்சினும் பைக்கின் உடற்சட்டமும் அருமையாக இருக்கும், வயரிங்கும் சுவிட்சும் கைவிட்டுவிடும். டுகாட்டியை 1985இல் காஜிவா என்ற இத்தாலியக் கம்பெனி வாங்கிய பிறகும் பணமுடை ஓயவில்லை. 90களின் நடுவில் உதிரிபாகம் கொடுத்தவர்களுக்குக் காசு கொடுக்க முடியாமல் உற்பத்தியே தடுமாறியது. 1996இல் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் உள்ளே வந்தது. 2012 முதல் ஜெர்மனியின் ஆவுடி கார் கம்பெனி கையில் இருக்கிறது. அந்தக் காலத்துப் புகாரை இன்றைய மான்ஸ்டர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

செலவு கூடுதல் என்பது மட்டும் இன்றும் உண்மை. மற்ற இஞ்சின்களில் வால்வைக் கேம் என்ற முட்டைவடிவத் துண்டு சுழன்று திறக்கும், ஸ்பிரிங் மூடும். அத்தானின் மான்ஸ்டரில் மூடுகிற வேலையையும் இன்னொரு கேமும் ராக்கர் என்ற நெம்புகோலும் செய்கின்றன. இதுதான் டெஸ்மோ. டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தாலியோனி 1956இல் பந்தய டுகாட்டிக்கு இதைக் கொண்டுவந்தார். வேகமாகச் சுழலும் இஞ்சினில் ஸ்பிரிங் தாக்குப்பிடிக்காத காலம் அது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. மான்ஸ்டரில் எட்டு வால்வு. திறக்கும் பக்கம் எட்டு, மூடும் பக்கம் எட்டு என்று பதினாறு இடத்தில் மெக்கானிக் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை விட்டு இடைவெளியைப் பார்க்க வேண்டும். உங்கள் எம்டி-07இல் எட்டு இடம்தான். அவருக்கு அது 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, உங்களுக்கு 40,000. ஒர்க்‌ஷாப் பில்லில் வித்தியாசம் நிச்சயம் தெரியும். ஆனால் பராமரிப்புச் செலவைப் பழுது என்று சொல்லக் கூடாது. டுகாட்டியே மல்டிஸ்ட்ராடா வி4இல் டெஸ்மோவை விட்டு ஸ்பிரிங்குக்கு மாறி, வால்வு சோதனையை 60,000 கிலோமீட்டருக்குத் தள்ளிவிட்டது. பழைய டுகாட்டிக்காரர்களுக்கு அதில் வருத்தம்தான். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது.

ரத்திகோசாவில் நடந்ததற்கு டெஸ்மோவும் காரணமில்லை, இத்தாலியும் காரணமில்லை. குளிர்காலம் முழுக்க கராஜில் நின்ற பைக்கை மார்ச்சில் எடுத்தால், எந்த நாட்டுத் தயாரிப்பானாலும் பேட்டரி காலை வாரலாம். நீங்கள் தினமும் ஓட்டியதால் உங்களுடையது தப்பியது.

மிக்ஸி என்ற பட்டத்துக்கு வருகிறேன். மான்ஸ்டரின் இரண்டு சிலிண்டர்களும் 90 பாகையில் விரிந்து நிற்கின்றன. ஒன்றில் எரிபொருள் வெடித்து, கிராங்க் என்ற அச்சு 270 பாகை சுழன்றதும் மற்றதில் வெடிக்கும். அதன்பிறகு 450 பாகைக்கு ஒன்றுமில்லை. அந்தச் சமமில்லாத தாளத்தைத்தான் அத்தான் உயிர் என்கிறார். உங்கள் எம்டி-07இல் சிலிண்டர்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஆனால் கிராங்கை யமஹா 270 பாகை தள்ளி அமைத்திருக்கிறது. ஆகவே அதே 270, அதே 450. யமஹா இதை 1995இல் டிஆர்எக்ஸ்850இல் கொண்டுவந்தது. அந்த பைக்கின் சட்டம்கூட டுகாட்டி பாணியில் குழாய்களைப் பின்னிய சட்டம்தான். வீட்டு வாசலில் இரண்டையும் ஐடிலில் விட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சைலன்சர் சத்தத்தில் வேறுபாடு இருக்கும், தாளம் ஒன்றாகவே இருக்கும்.

இந்த இரண்டு நாடுகளும் ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்ததை எழுதப் போனால் பக்கம் போதாது. அழகான பைக் எது என்றால் இன்றும் பலர் கைகாட்டுவது 1994இல் வந்த டுகாட்டி 916. மாசிமோ தம்புரினி வடிவமைத்த அந்த பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஜப்பானின் ஷோவா கம்பெனியுடையது. அதே தம்புரினி அதற்கு முன்பு ரிமினியில் இருவரோடு சேர்ந்து தொடங்கிய பிமோட்டா, ஹொண்டா, சுசுகி, கவாசாகி இஞ்சின்களைத் தன் சட்டத்தில் பூட்டி விற்றது. இன்று பிமோட்டாவில் கிட்டத்தட்டப் பாதி கவாசாகியுடையது. அந்தக் கவாசாகியின் வேகமான பைக்குகளுக்கு பிரேக் கொடுப்பது இத்தாலியின் பெர்கமோவில் இருக்கும் பிரெம்போ. ஹொண்டா ஹார்னெட் பல ஆண்டுகள் இத்தாலியின் அப்ருட்சோவில், அத்தெஸ்ஸா தொழிற்சாலையில் உருவானது.

ரத்திகோசாவிலிருந்து மலையிறங்கினால் முஜெல்லோ பந்தயத் திடல் வெகுதூரமில்லை. அங்கே இத்தாலியப் பந்தய வீரர் வலென்டினோ ரோசி 2002 முதல் 2008 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றார். முதல் இரண்டு ஹொண்டாவில், மிச்சம் ஐந்தும் யமஹாவில். மலைச்சரிவு முழுக்க அவருடைய ரசிகர்களின் மஞ்சள் கொடி. ஓட்டியது ஜப்பான் பைக் என்று அந்தக் கூட்டம் முகம் சுளிக்கவில்லை. அவரே 2011இல் டுகாட்டிக்கு வந்து, இரண்டு ஆண்டு ஓட்டியும் ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. பிறகு 2022இல் இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ பன்யாயா உலகப் பந்தயத்தின் உயர்மட்டப் பிரிவான மோட்டோஜிபியில், டுகாட்டியில் பட்டம் வென்றார். இத்தாலியர் ஒருவர் இத்தாலிய பைக்கில் அந்தப் பட்டத்தை வெல்வது, 1972இல் ஜாகோமோ அகோஸ்தினிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்த அகோஸ்தினியும் 1975இல் அன்றைய உயர்மட்டப் பிரிவான 500 சிசி பட்டத்தை யமஹாவில் வென்றவர். இவ்வளவும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு அத்துப்படி. அத்தானின் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் வீட்டில் ஒரு ஹொண்டாவாவது இருந்திருக்கும்.

சரி, அத்தானுக்கு வருவோம். அவர் 18 வயதில் தனியாக வந்ததையும் பாத்திரம் கழுவியதையும் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. டுகாட்டித் தொழிற்சாலை இருக்கும் போர்கோ பனிகாலே பொலோனியாவிலேயே ஒரு பகுதி. 1926இல் வானொலிப் பாகங்கள் செய்யத் தொடங்கி, போருக்குப் பிறகு மோட்டார் சைக்கிளுக்கு வந்த அந்தக் கம்பெனியை ஊரே தன்னுடையது என்று நினைக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் மொழி தெரியாமல் வந்து இறங்கியவர், இத்தனை ஆண்டு கழித்து அந்த ஊரின் பைக்கில் ஏறி, அந்த ஊர்க்காரர்களோடு கணவாய்க்குப் போய் நிற்கிறார். தானும் இந்த ஊரில் ஒருவன் என்ற நினைப்பு அவருக்கு அங்கே வந்திருக்கும். நீங்கள் அங்கேயே பிறந்தவர், உங்களுக்கு அதை யாரிடமும் காட்ட வேண்டிய தேவை இல்லை. உங்கள் இத்தாலியன் அவருடையதைவிடச் சரளமாகவும் இருக்கும். அந்த மொழியில், அந்த நண்பர்கள் முன்னால், அவரைச் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டீர்கள். இதையே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தமிழில் சொல்லியிருந்தால் பதிலுக்கு அவரும் ஒன்று சொல்லியிருப்பார்.

அத்தான் மேலும் குறை இருக்கிறது. படித்துக்கொண்டே வேலை செய்து வாங்கிய பைக்கை மிக்ஸி, மிக்ஸி என்று வாராவாரம் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். அதை அக்கா எடுத்துச் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

அப்பாவிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். அவருடைய எம்டி 90 பாசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராத காலத்தில் அந்த வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெட்ரோலைக் கொஞ்சம் காட்டி, உதைத்து, இஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு விட்டு, புகையைக் கக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போன வண்டிகள். அந்த நன்றி அவருக்குக் கடைசி வரை இருக்கும், இருக்கட்டும். ஆனால் அதை மருமகனின் பைக்குக்கு எதிராக எடுக்க வேண்டாம். மாமனார் சொல்வதற்கு மருமகன் வாய் திறக்க முடியாது. அடக்கி வைத்ததெல்லாம் உங்கள் மேல்தான் திரும்பும்.

இந்த ஞாயிறே அக்கா வீட்டுக்குப் போங்கள், தனியாக. வாட்ஸ்அப்பில் செய்தி போட்டு முடிக்கப் பார்க்காதீர்கள். பகிடிக்குத்தான் சொன்னேன் என்று தொடங்கவும் வேண்டாம். "உங்கள் கூட்டாளிகள் முன்னால் அப்படிச் சொன்னது பிழை, அத்தான்." அவ்வளவு போதும். நான் மேலே எழுதிய 270 பாகைக் கணக்கை அன்றைக்கு எடுக்காதீர்கள். பேட்டரி சார்ஜர் வாங்கிக்கொண்டு போகலாமே என்று தோன்றினால் அதையும் விட்டுவிடுங்கள். நல்ல மனதோடு கொடுத்தாலும் அவருக்குக் குத்தலாகத்தான் படும். அடுத்த முறை ரத்திகோசாவில் அதே நண்பர்கள் இருக்கும்போது, அன்று நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று இத்தாலிய மொழியில் ஒரு வரி சொல்லுங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

அவர் பழையபடி பேசத் தொடங்கியதும் யமஹாவின் சாவியைக் கொடுத்து ஃபூட்டா கணவாய் வரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 35 கிலோவாட் அந்த வளைவுகளுக்குத் தாராளம். மான்ஸ்டரை நீங்கள் ஓட்டுவது ஏ2 எடுத்து 2 ஆண்டு முடிந்து முழு ஏ லைசென்ஸ் வந்த பிறகுதான். சாவியைக் கொடுக்கும் முன் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். உரிமையாளர் மட்டுமே ஓட்டலாம் என்று நிபந்தனை இருந்தால், ஏஜென்டிடம் சொல்லி அத்தானும் ஓட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.