குவார்ட்டரும் வெள்ளரிக்காயும்

கேள்வி: என் வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறார். சனிக்கிழமை ராத்திரி ஒரு குவார்ட்டர் பிராந்தி அவருக்கு வேண்டும். ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' (கல்லீரலில் கொழுப்பு) என்று வந்ததிலிருந்து, காய்கறியோடு குடித்தால் லிவருக்கு ஒன்றும் ஆகாது, சீக்கிரம் தெளிந்துவிடும் என்கிறார். வாராவாரம் வெள்ளரியும் கேரட்டும் நறுக்கிக் கொடுப்பது நான்தான். இது உண்மையா டாக்டர்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கால்வாசி உண்மை. அதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஆல்கஹால் பெரும்பாலும் சிறுகுடலுக்குப் போன பிறகுதான் ரத்தத்தில் கலக்கிறது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் இரைப்பையின் கீழ்வாசல் லேசில் திறக்காது. போதை மெதுவாக ஏறும். ஆனால் வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். அது எதை நிறுத்தி வைக்கும்? சோறு, முட்டை, சுண்டல் என்று கனமாக ஏதாவது, அதுவும் முதல் கிளாஸுக்கு முன்பே, உள்ளே போயிருக்க வேண்டும். அதிலும் ஒரு வினை உண்டு. 'என்னடா, இன்னும் ஏறலையே' என்று இன்னொரு கட்டிங் வாங்குவார்கள். வார்டில் இந்த வசனத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன்!

ரத்தத்தில் கலந்துவிட்டதென்றால் கேரட்டுக்கு அங்கே வேலை இல்லை. கல்லீரல் மணிக்கு 7, 8 கிராம்தான் கரைக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். வெறும் வயிற்றுக்காரரைவிடச் சாப்பிட்டவருக்கு வேகம் சற்றுக் கூடுவது நிஜம். இட்லி தின்றாலும் அதுதான், காய் தின்றாலும் அதுதான்.

கணக்கைப் பாருங்கள். 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் என்றால் ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். ராத்திரி 10 மணிக்குக் காலி செய்தால் காலை 6 வரை கல்லீரலுக்கு ஓய்வில்லை. 4 மணிக்கே மார்க்கெட் லோடுக்குக் கிளம்புகிறவர் என்றால், 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்ற சட்ட எல்லையை ஒட்டி இருப்பார், தாண்டியும் இருக்கலாம். தலைக்குக் குளித்தாலும் காபி குடித்தாலும் தூக்கம்தான் போகும்.

குடிப்பவர்களுக்குத் தயமின், ஃபோலேட் என்ற வைட்டமின்கள் குறையும். அதற்குப் பருப்பும் கீரையும் தினமும் சோற்றோடு வேண்டும். தாராளமாகச் சமைத்துப் போடுங்கள். லிவருக்கு மட்டும் அது ஈடாகாது. இந்தக் கட்டத்திலேயே குடியை விட்டால், படிந்த கொழுப்பு குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: காளான் சாப்பிட்டுக் குடித்தால் ஆபத்தாமே?
- ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: கடையில் விற்கும் பட்டன் காளானுக்கு அந்தப் பயம் வேண்டாம். முற்றியதும் மை போலக் கருத்து ஒழுகும் ஒரு காட்டுக் காளான் இருக்கிறது, வில்லன் அதுதான். கல்லீரல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக்கி, அடுத்த படியில் அதை முறிக்கும். இந்தக் காளானில் உள்ள கோப்ரின், இரண்டாம் படியைப் பூட்டிவிடும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். சாப்பிட்டுச் சில நாள் கழித்துக் குடித்தாலும் வரலாம்.

குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையும் அதே படியைத்தான் பூட்டுகிறது. திண்டுக்கல் வாசகியும் படிப்பார் என்பதால் சொல்கிறேன்: இதைப் புருஷனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்குகிறவர்கள் உண்டு. அப்படி ஒருவரை, பிபி அதலபாதாளத்தில் இருக்க, ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், அந்த அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். வாயைத் திறக்க அரைமணி நேரம் ஆனது.