'லாயிகுஸ்' என்ற லத்தீன் சொல்: கேள்வி பதில்

கேள்வி: கிறிஸ்தவக் குரு அல்லாதவரைச் சுட்டும் ஆங்கிலத்தின் 'லே', பிரெஞ்சின் 'லாயிக்' இரண்டும் ஒரே சொல்லா? காதுக்கு ஒட்டவே இல்லையே ஐயா?

பதில்: ஒரே சொல்தான். கிரேக்கத்தில் 'லாஒஸ்' என்றால் மக்கள். 'லாயிகோஸ்' என்றால் மக்களைச் சேர்ந்த. திருச்சபையின் லத்தீன் இதை 'லாயிகுஸ்' என்று எடுத்துக்கொண்டது. பழைய பிரெஞ்சில் அது 'லே' எனத் தேய்ந்து ஆங்கிலத்துக்குப் போனது. பிற்காலத்தில் படித்தவர்கள் லத்தீன் ஏட்டிலிருந்து மறுபடி எடுத்ததுதான் 'லாயிக்'. ஸ்பானியத்திலும் இப்படி இரட்டை உண்டு: தேய்ந்தது 'லேகோ', ஏட்டு வடிவம் 'லாயிகோ'.

கேள்வி: படுக்க வைப்பதைச் சொல்லும் ஆங்கில 'லே'?

பதில்: தொடர்பில்லை. அது ஜெர்மானிய வேர்.

கேள்வி: 'மக்களைச் சேர்ந்தவர்' எப்படி 'விவரம் தெரியாதவர்' ஆனார்?

பதில்: எனக்கு மனம் வலிக்கும் இடம் இது. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து கொரிந்து சபைக்குப் போன, சபைத் தலைவர் கிளமெந்தின் கடிதத்திலேயே, குருக்களிலிருந்து பிரித்துக்காட்ட 'லாயிகோஸ்' வருகிறது. அங்கே இழிவு எதுவும் இல்லை. பொதுநிலையினரான (குருப்பட்டம் பெறாத) நாமும் குருக்கள்தானே என்று கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் லத்தீனில் வாதாடியும் இருக்கிறார். ஆனால் இடைக்கால மேற்கு ஐரோப்பாவில் எழுத்தறிவு பெரும்பாலும் குருக்கள் கையில் சிக்கியது. குரு அல்லாதவர் என்றாலே படிக்காதவர் என்றாயிற்று. ஜெர்மனின் 'லையெ', போர்ச்சுகீசின் 'லெய்கு', ஸ்பானியத்தின் 'லேகோ' எல்லாம் இன்றும் ஒரு துறை தெரியாதவரைக் குறிக்கின்றன. மருத்துவர் நம்மை 'லேமேன்' என்பதும் அந்த மிச்சம்தான். மக்கள் என்ற வேருக்கு இது அநியாயம்.

கேள்வி: பிரான்சில் மதச்சார்பின்மையைக் குறிக்கும் 'லாயிசிட்டே' இதிலிருந்தா?

பதில்: ஆம். 19ஆம் நூற்றாண்டில் பள்ளிகளைத் திருச்சபையின் பிடியிலிருந்து விடுவிக்கும் போராட்டத்தில் இந்தப் பெயர்ச்சொல் பிறந்தது. அரசையும் சபைகளையும் பிரித்த 1905 டிசம்பர் 9 சட்டத்தின் வாசகத்தில் இந்தச் சொல் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1958 அரசியலமைப்பின் முதல் பிரிவுதான் குடியரசை 'லாயிக்' என்கிறது. குரு அல்லாதவரைச் சுட்டிய உரிச்சொல் ஒரு நாட்டுக்கே அடைமொழி ஆகிவிட்டது! இந்தப் பயணத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: தமிழில்?

பதில்: கத்தோலிக்கர் 'பொதுநிலையினர்' என்கிறார்கள். நல்ல ஆக்கம், அறியாமையின் சாயல் துளியும் இல்லை.

கேள்வி: கிரேக்கர்கள் இன்று?

பதில்: அவர்களின் 'லாயிகோஸ்' சொல்லில் வேர்ப்பொருள் அப்படியே இருக்கிறது. நாட்டுப்புற, வெகுமக்களுக்குரிய என்று பொருள். தெருவில் கூடும் காய்கறிச் சந்தைக்கே 'லாயிகி' என்றுதான் பெயர்.

கேள்வி: நிக்கோலாஸ் என்ற பெயரின் பின்பாதி?

பதில்: அதே 'லாஒஸ்'தான். முன்பாதி 'நிக்கே', வெற்றி.