மார்த்தாண்டத்துக்கு எத்தனை பொட்டு? வகுப்பறை ஸ்டிக்கர் கேள்வி-பதில்

பள்ளிக்கூடத்தில் ஸ்டிக்கர் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது நோட்டில் ஒட்டும் தங்க நட்சத்திரம்தான். அதைவிட நல்ல வேலைகள் அந்தச் சின்னத் துண்டுக்கு நிறைய உண்டு. அதனால் குமரி மாவட்டத்தின் பல பக்கங்களில் இருந்து வந்த கேள்விகளில் ஸ்டிக்கர் பற்றியவற்றை மட்டும் எடுத்து இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் பொதுவாக ஒன்று: உரிப்பதும் ஒட்டுவதும் பிள்ளைகளின் வேலை. எங்கே ஒட்டலாம் என்று அவர்கள் யோசிக்கிற அந்த நொடிக்காகத்தான் இவ்வளவும்.

கேள்வி: ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துவிடுகிறார்கள். "அம்மா" என்பதை "அமமா" என்று எழுதுகிறார்கள். எத்தனை தடவை திருத்தினாலும் அடுத்த நாள் அதே கதைதான். ஸ்டிக்கரை வைத்து ஏதாவது செய்யலாமா? (மேல்புறம் ஒன்றியம், ஆசிரியை)

செய்யலாம், அதுவும் மிகச் சுலபமாக. ஃபேன்சி கடையில் நெற்றிக்கு வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு இருக்கிறதே, அதில் கல் பதிக்காத சின்ன வட்டப் பொட்டாக ஓர் அட்டை வாங்குங்கள். காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் "பல" என்று எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு "இதை வாயில் இருக்கிற பல் ஆக்கணும், பொட்டை எங்கே வைப்பே மக்களே?" என்று கேளுங்கள். பிள்ளை ல-வின் தலையில் பொட்டை ஒட்டியதும் "பல்". உரித்தால் மறுபடி "பல". புள்ளி ஓர் அலங்காரம் இல்லை, அது எழுத்தின் ஓசையையே மாற்றுகிறது என்று பிள்ளை தன் கையால் கண்டுபிடிக்கிற இடம் இதுதான். சிவப்பு மையில் நீங்கள் வைக்கிற புள்ளியால் இது நடக்காது, ஏனென்றால் அந்தப் புள்ளி உங்களுடையது.

இரண்டு மூன்று நாள் கழித்து நம் ஊர்ப் பெயர்களுக்கு வாருங்கள். புள்ளி இல்லாமல் எழுதிப் போடுங்கள்: தககலை, குளசசல, நாகரகோவில, மாரததாணடம. இந்த ஊருக்கு எத்தனை பொட்டு வேண்டும் என்று முதலில் வாயால் சொல்லிப் பார்த்து எண்ண வேண்டும், அப்புறம்தான் ஒட்ட வேண்டும். தக்கலைக்கு ஒன்று, குளச்சலுக்கு இரண்டு, நாகர்கோவிலுக்கு இரண்டு, மார்த்தாண்டத்துக்கு நான்கு. இடையில் தோவாளையையும் ஒரு அட்டையில் எழுதிக் கலந்துவிடுங்கள், அதற்குப் பொட்டே வேண்டாம், அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை வகுப்பையே எழுப்பிவிடும். மார்த்தாண்டத்தில் ர், த் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் பல பிள்ளைகள் மூன்றோடு நிறுத்துவார்கள். உடனே திருத்தாதீர்கள். ஒட்டியதை அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள், எங்கோ இடறுகிறது என்று அவர்களுக்கே தெரியும், இன்னொரு பொட்டு கேட்டு வருவார்கள்.

இதே வழியில் கொம்புக்கும் போகலாம். நேம் ஸ்லிப்பை வெட்டி ெ, ே, ா என்று தனித்தனியாக எழுதி, க என்று எழுதிய அட்டையின் இரு பக்கமும் ஒட்டி "கெ", "கே", "கொ", "கோ" செய்யச் சொல்லுங்கள். ஓசையில் பின்னால் வருகிற கொம்பு எழுத்தில் முன்னால் நிற்கிறது என்பதுதான் பிள்ளைகளைக் குழப்புவது, அதைக் கையால் நகர்த்திப் பார்த்தால் குழப்பம் தீரும். விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும், அந்த எழுத்திலும் கொம்பு இடப்பக்கம்தான் வரும்.

கேள்வி: வகுப்பில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து இருக்கிறார்கள். பொட்டு ஸ்டிக்கர் என்றதும் பெற்றோர் யாராவது மனம் கோணுவார்களோ என்று தயக்கம். (குளச்சல், ஆசிரியர்)

நியாயமான தயக்கம். பொட்டு காகிதத்தில் மட்டும்தான், யாருடைய நெற்றியிலும் கையிலும் ஒட்டக் கூடாது என்று முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். இதற்கு உடல்நலக் காரணமும் உண்டு: ஒட்டுப் பொட்டின் பசையில் பயன்படுகிற சில பிசின் வகைகள் சிலருக்கு அரிப்பையும், ஒட்டிய இடத்தில் வெள்ளைத் திட்டையும் உண்டாக்குகின்றன, தோல் மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம் இது. அப்படியும் ஒரு பெற்றோருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் விவாதம் பண்ண வேண்டாம், ஸ்டேஷனரி கடையில் கலர் வட்ட லேபிள் கிடைக்கும், முழு வகுப்புக்கும் அதையே வாங்கிவிடுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் வேறு பொருள் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் மகள் எல்.கே.ஜி. பென்சில் பிடி சரியில்லை என்று மிஸ் சொல்கிறார். ஸ்டிக்கர் ஒட்டப் பழக்குங்கள் என்றார், ஆனால் அவளால் உரிக்கவே முடியவில்லை, அழுகிறாள். (குழித்துறை, ஒரு அம்மா)

ஸ்டிக்கர் தாளில் படங்களுக்கு இடையில் இருக்கிற வெற்றுப் பகுதியை முதலில் நீங்கள் முழுசாக உரித்து எடுத்துவிடுங்கள். இப்போது தாளில் படங்கள் மட்டும் தனித்தனியாக நிற்கும், விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும், தாளை லேசாக வளைத்தால் ஓரம் தானாகவே எழும்பும். பெரும்பாலான அழுகை இதிலேயே நின்றுவிடும்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் அலை மாதிரி ஒரு கோடு போட்டு, கோட்டின் மேலேயே வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். அந்தத் தாளைத் தரையில் வைக்காமல் அவள் கண் உயரத்துக்குக் கதவில் ஒட்டி வையுங்கள். நின்றபடி எட்டி ஒட்டும்போது தோளும் மணிக்கட்டும் சேர்ந்து வேலை செய்யும், எழுதுவதற்கு விரலோடு அந்தப் பலமும் வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளுவதுதான் இங்கே பயிற்சி, படம் கோணலாகப் போனால் போகட்டும். வீட்டில் இதைவிடச் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் கவனம், சின்ன ஸ்டிக்கர் வாய்க்கும் மூக்குக்கும் போகும்.

கேள்வி: நன்றாக எழுதினால் நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்துப் பழக்கினேன். இப்போது எந்த வேலை சொன்னாலும் "ஸ்டார் உண்டா டீச்சர்?" என்றுதான் கேட்கிறார்கள். நிறுத்தவும் முடியவில்லை. (தோவாளை, மூன்றாம் வகுப்பு ஆசிரியை)

நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்து, ஒரு குழுவிடம் "வரைந்தால் தங்க முத்திரை வைத்த சான்றிதழ் உண்டு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசு உண்டு என்று முதலிலேயே சொல்லப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

கெடுதல் நட்சத்திரத்தில் இல்லை, "செய்தால் தருவேன்" என்கிற பேரத்தில் இருக்கிறது, அதுவும் பிள்ளைக்குத் தானாகவே பிடித்திருக்கிற வேலையில். பிள்ளைக்கு இன்னும் ருசி பிடிபடாத, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைக்கு ஆரம்பத்தில் ஒரு சின்ன ஊக்கம் கொடுப்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

நாளைக்கே நிறுத்தாதீர்கள், பிள்ளைகள் தங்களுக்குத் தண்டனை என்று நினைப்பார்கள். ஸ்டிக்கரை அவர்கள் கைக்கு மாற்றுங்கள். ஒரு பக்கம் எழுதி முடித்ததும் ஆளுக்கு ஒரு நட்சத்திரம், எல்லாருக்கும், எழுத்து எப்படி இருந்தாலும். அந்தப் பக்கத்தில் தனக்கே மிகப் பிடித்த வரிக்குப் பக்கத்தில் அதை ஒட்டி, ஏன் அந்த வரி என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். முதல் வாரம் "சும்மா பிடிச்சுது" என்பார்கள். போகப் போக "இங்கே ழ வளைஞ்சு நல்லா வந்திருக்கு" என்று தங்கள் எழுத்தைத் தாங்களே பார்க்கத் தொடங்குவார்கள். அது வந்துவிட்டால் ஸ்டிக்கர் தீர்ந்துபோனாலும் யாரும் கேட்க மாட்டார்கள், பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக்கொள்வார்கள். இன்னொரு விஷயம், பெயர் எழுதி யாருக்கு எத்தனை நட்சத்திரம் என்று சுவரில் தொங்குகிற சார்ட் இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். கடைசியில் இருக்கிற பிள்ளை தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: கணக்குக்கு எப்படிப் பயன்படுத்துவது? (திருவட்டாறு)

இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம், மொத்தம் பத்து. ஏழு பொட்டு ஒட்டினால் மூன்று கட்டம் காலி என்பது எண்ணாமலே கண்ணில் படும், பத்தின் ஜோடிகளை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வழி தெரியாது. பெருக்கலுக்கு, நான்கு வரிசையில் ஆறு ஆறாக ஒட்டிய தாளைத் திருப்பிப் பிடித்தால் ஆறு வரிசையில் நான்கு நான்கு. பெரிய வகுப்பு என்றால் "இன்றைக்குப் பள்ளிக்கு எப்படி வந்தாய்?" என்று கேட்டு, நடை, சைக்கிள், பஸ், ஆட்டோ என்று கட்டம் கட்டிய சார்ட்டில் ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள், பட்டை வரைபடம் தானாக எழும்பும். எல்லாருக்கும் ஒரே அளவு ஸ்டிக்கராக இருக்கட்டும், இல்லாவிட்டால் உயரம் பொய் சொல்லும்.

கேள்வி: ஆறாம் வகுப்பு அறிவியலுக்கும் ஸ்டிக்கர் ஆகுமா? சின்னப் பிள்ளை விளையாட்டாகப் போய்விடாதா? (ராஜாக்கமங்கலம்)

ஆகும், விளையாட்டாகப் போய்விடாது, அதுவும் நம் மாவட்டத்தில் கட்டாயம் செய்து பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வெயில் விழும் இடத்தில் ஒரு சார்ட் தாளை விரித்து, நடுவில் களிமண் உருண்டையில் ஒரு குச்சியை நேராக நிறுத்துங்கள். பத்து மணியில் இருந்து அரை மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் ஒரு ஸ்டிக்கர், அதன் மேல் நேரம். நண்பகல் நெருங்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒட்டுங்கள். நிழல் மிகக் குட்டையாவது பன்னிரண்டு மணிக்கு இல்லை என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். இந்தியாவின் கடிகார நேரம் 82.5 பாகை தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது, நாம் அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கிறோம், பாகைக்கு நான்கு நிமிடம் வைத்தால் இருபது நிமிடத் தாமதம். ஏப்ரலிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் 12:20-ஐ ஒட்டி வரும், நவம்பரில் அதற்கு முன்னாலும் பிப்ரவரியில் பின்னாலும் தள்ளும்.

ஏப்ரல் 10, 11-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் நாள் பக்கத்திலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும், அந்த நேரத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது. அந்த இரண்டு நாட்களுக்கு நடுவில் உள்ள மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. ஒவ்வொரு மாதமும் வேறு நிற ஸ்டிக்கர் ஒட்டி அதே தாளைப் பத்திரமாக வைத்திருந்தால் வருடக் கடைசியில் சூரியனின் பாதையே அதில் இருக்கும். ஜூன், ஜூலையில் மேகம் விடாது, கிடைக்கிற வெயிலுக்குச் செய்யுங்கள். தாளை எப்போதும் ஒரே திசை பார்த்து வைக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

கேள்வி: அரும்பு, மொட்டு, மலர் பிள்ளைகளை அடையாளம் காண நோட்டில் மூன்று நிற ஸ்டிக்கர் ஒட்டலாமா? (தக்கலை)

வேண்டாம். தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்பதைக் காட்டும் அந்த மூன்று நிலைகளும் நீங்கள் பாடம் திட்டமிட, பிள்ளையின் மேல் ஒட்ட இல்லை. எந்த நிறம் எந்த நிலை என்று பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். குழு பிரிக்க நிறம் தேவைப்பட்டால் தினமும் குலுக்கி எடுத்துக் கொடுங்கள், நேற்றைய நீலம் இன்றைக்கு மஞ்சளாக இருக்கட்டும். தென்மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்துக்கே சாதி அர்த்தம் ஏற்றப்பட்டிருக்கிறது. நீதிபதி சந்துரு குழு 2024-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் அந்த வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது இதனால்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு நிறம் என்று நிரந்தரமாக்கும் பழக்கம் வகுப்பறைக்குள் எந்த வடிவத்திலும் வர வேண்டாம்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் சுவரில் ஒட்டியது எல்லாம் கீழே கிடக்கிறது. வெயில் காலத்திலோ பெஞ்சில் ஒட்டியதை உரிக்கவே முடியவில்லை. (கிள்ளியூர்)

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, சுவர் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். ஈரத்தோடு சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் பொடியாக உதிர்கிறது, பசை அந்தப் பொடியைத்தான் பிடிக்கிறது, சுவரைப் பிடிப்பதில்லை. பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பி வெள்ளைப் பக்கம் தெரிகிற மாதிரி ஆணியில் தொங்கவிட்டு அதில் ஒட்டுங்கள், அல்லது இரும்பு பீரோவின் பக்கவாட்டைப் பயன்படுத்துங்கள். ஸ்டிக்கர் உரித்த மெழுகுத்தாளையும் எறிய வேண்டாம், விளையாட்டு முடிந்ததும் பொட்டுகளைத் திரும்ப அதில் ஒட்டி வைத்தால் சில தடவைக்குத் தாங்கும்.

பெஞ்சில் பிடித்த பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, பழைய துணியால் அழுத்தித் துடையுங்கள், பிறகு சோப்புத் தண்ணீர். தின்னர், பெட்ரோல் எதுவும் வகுப்பறைக்குள் வரக் கூடாது. சுவரில் மட்டும் எண்ணெய் வைக்காதீர்கள், கறை போகாது. அங்கே ஹேர் டிரையரின் சூட்டில் பசையை இளக்கி, ஓரத்தில் இருந்து மெதுவாக உரியுங்கள்.